பழுத்த தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னது என் நடுமகள் பிலோமி. போன வருஷம் மாதா கோவில் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கொடி ஏறி, பூசை முடிந்து, மத்தியானச் சமையலுக்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அவள் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாதி அவள் கண்ணால் பார்த்தது. மீதியை இந்தக் கதையில் வருகிற இரண்டு பேருமே டீச்சர்கள் அறையில் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்களாம். எனக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மச்சாது என்று ஒரு விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். ஊருக்கும் மாஸ்டர்தான். மீன் வாங்கப் போனாலும், “மாஸ்டருக்கு நல்லதாப் பாத்துப் போடு” என்பார்கள். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு மைதானத்தில் நிற்க முடியவில்லை. தலைமையாசிரியை அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்.

நூலகத்தைப் பார்ப்பவள் டெல்பின். சின்னப் பெண். ஆறாம் வகுப்பில் இதே மைதானத்தில் மாஸ்டருடைய விசிலுக்கு ஓடியவள்.

முதல் நாள் மாஸ்டர் வாசலிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“இனிமே நீதாம்மா எனக்குக் குரு.”

“ஐயோ, உள்ளே வாங்க மாஸ்டர். பிள்ளைங்க பாக்குதுங்க.”

“பாக்கட்டும். உன்னை எத்தனை ரவுண்டு ஓட விட்டிருப்பேன்? இப்ப நீ என்னை ஓட விடு.”

“இங்க யாரும் ஓட வேண்டாம்.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றார் மாஸ்டர்.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு இணைய நூலகம் வந்திருந்தது. டேட்டாபேஸ் என்கிறார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதிய கட்டுரைகள் அதில் சேர்ந்து கிடக்குமாம். கம்ப்யூட்டரில் ஒரு நீளக் கட்டம் இருக்கும். அதில் நாலு வார்த்தை தட்டினால், அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். கட்டத்துக்குக் கீழே சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றில் டிக் அடித்தால் முழுக் கட்டுரை கிடைப்பது மட்டும் வரும். இன்னொன்றில் அடித்தால் சமீபத்தில் எழுதியது மட்டும். வேறொன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது மட்டும். மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி, சொந்தக் கேள்வி. அதைப் பற்றி இணைய நூலகத்தில் ஏதாவது தேடி எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் அந்தக் கேள்வியே வருஷம் முழுக்க அவர்களுடைய ப்ராஜெக்ட். ஒன்றும் கிடைக்காதவர்களுக்குக் கெமிஸ்ட்ரி டீச்சர் ஒரு தலைப்பு கொடுத்துவிடுவார். அது பிளாஸ்டிக் ஒழிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வியாழக்கிழமை டெல்பினை ஆபீசில் கூப்பிட்டுவிட்டார்கள்.

“மாஸ்டர், பிளஸ் ஒன் வருவாங்க. கொஞ்சம் பாத்துக்குவீங்களா?”

“எத்தனையோ டீம் எடுத்தவன் நான். போயிட்டு வா.”

மாஸ்டர் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராக வந்து கேள்வியைச் சொல்ல, அவரே கட்டத்தில் தட்டினார். நூற்றுக்கணக்கில் வந்து விழுந்ததைப் பார்த்து முதலில் மிரண்டுவிட்டார். பிறகு கீழே இருந்த பெட்டிகளைக் கண்டுபிடித்தார். ஒரு டிக் அடித்தால் பாதி போனது. இன்னொன்று அடித்தால் அதிலும் பாதி. மூன்றையும் அடித்தால் அழகாக ஐந்தாறு நின்றது. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். மைதானத்தில் அவர் ஆள் எடுப்பதும் அப்படித்தான். எல்லாரையும் ஓடவிட்டு, கழித்துக் கழித்து, கடைசியில் நிற்பவர்கள் டீம். அதற்குப் பிறகு அந்த மூன்று டிக்கையும் அவர் எடுக்கவே இல்லை.

வரிசையின் கடைசியில் வடிவு என்ற பிள்ளை நின்றாள். அப்பா உப்பளத்தில் வேலை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். என் மகள் இரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறாள், அந்தப் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றாள். அன்றைக்கு அவள் கையில் ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே வெளிர்சிவப்பாகத் தண்ணீர்.

“என்ன பிள்ள அது, ரோஸ்மில்க்கா?” என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

“உப்பளத்துத் தண்ணி, மாஸ்டர். அப்பா காலையில ஸ்கூல் கேட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாவ.”

“எதுக்கு?”

“உப்பு விளையறதுக்கு முன்னால கடைசிப் பாத்தியில தண்ணி செவந்திரும். தண்ணி பழுத்திருச்சுன்னு சொல்லுவாவ. இருபத்தஞ்சு டிகிரி வந்தா உப்பு இறங்கும்.”

“இருபத்தஞ்சு டிகிரியா? நம்ம ஊர் வெயிலுக்கு அது குளிருல்லா?”

“அது வெயில் டிகிரி இல்ல, மாஸ்டர். தண்ணி எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுப் பாக்கிற டிகிரி.” அவள் குரல் இறங்கியது. “எதுனால செவக்குதுன்னு அப்பாவுக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுக்கணும்.”

“உப்பெல்லாம் ஒரு ப்ராஜெக்டாட்டி?” என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

மாஸ்டர் அவளை முறைத்துவிட்டு, வடிவு சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் தட்டினார். தூத்துக்குடியில் உப்பளத்தில் கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏன் சிவப்பாக மாறுகிறது.

திரையில் பூஜ்யம் என்று வந்தது.

“முட்டை,” என்றார் மாஸ்டர். “இல்லை பிள்ள. அப்படி ஒன்னும் இல்லை. அவுட்டு.”

“சரி, மாஸ்டர்.”

அவ்வளவுதான். மணி அடித்தது.

குழாயடியில் அவளை என் மகள் பார்த்தாள். பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மண் கொஞ்ச நேரம் சிவந்து கிடந்தது.

“என்ன பிள்ள ஊத்துற?”

“ஒன்னுமில்ல, மிஸ். தண்ணிதான்.”

டெல்பின் ஆபீசிலிருந்து வந்தபோது மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எல்லாரையும் ஒரே பீரியடில் முடிச்சிட்டேன், குருவே.”

“வடிவு வந்தாளா?”

“வந்தா. அவ கேட்டது இல்லை.”

“எங்க இல்லை?”

“எங்கேயுமே இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு.”

டெல்பின் திரையைப் பார்த்தாள். அவர் தட்டிய வரி அப்படியே இருந்தது. கீழே மூன்று டிக்கும் இருந்தன.

“மாஸ்டர், கொஞ்சம் நடக்க முடியுமா?”

“எங்க?”

“உங்க ரூமுக்கு.”

விளையாட்டுச் சாமான் அறை மைதானத்து ஓரத்தில் இருக்கிறது. புது பி.டி. சார் அதைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போயிருந்தார். ஜன்னலின் மரப்பலகையில் ஒரு நீள இடுக்கு.

“இந்த வழியாப் பாருங்க. வாலிபால் இருக்கா?”

மாஸ்டர் குனிந்து கண்ணை வைத்தார். டெல்பின் இடுக்கின் மேல் பாதியில் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

“சுருட்டி வச்ச பாய் ஒன்னு தெரியுது. வேற ஒன்னும் தெரியலை.”

அவள் இன்னொரு கையைக் கீழ்ப் பாதியில் வைத்தாள்.

“இப்ப?”

“இருட்டு.”

“அப்ப வாலிபால் இல்லைன்னு தலைமையாசிரியை அம்மாகிட்ட சொல்லிரட்டுமா?”

“ஏம்மா!” மாஸ்டர் நிமிர்ந்துவிட்டார். “மூலையில வலைப்பையில கிடக்கும், என் கையால வச்ச பந்து! நீ கையை வச்சு மறைச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லச் சொன்னா? தெரியலைன்னு சொல்லு. இல்லைன்னு எப்படிச் சொல்லுவே?”

டெல்பின் கையைத் துடைத்துக்கொண்டு நூலகத்தைப் பார்த்து நடந்தாள்.

மாஸ்டர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவர் நடை மெதுவானது. நூலகத்துக்குள் வந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். மூன்று டிக்கையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூணு கை,” என்றார்.

ஒன்றை எடுத்தார். பூஜ்யம். அடுத்ததை எடுத்தார். பூஜ்யம். மூன்றாவதையும் எடுத்தார். அதே பூஜ்யம்.

“எல்லாக் கையையும் எடுத்தாச்சு. இப்பவும் முட்டைதானே!”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“அந்தப் பிள்ள சொன்னதை அப்படியே கேட்டேன்.”

“மாஸ்டர், நீங்க டீம் எடுக்கும்போது, வேகமா ஓடணும், உயரமா இருக்கணும், இடதுகையா இருக்கணும், எங்க தெருக்காரனாவும் இருக்கணும், எல்லாம் ஒரே ஆளா வேணும்னு கேட்டா?”

“ஒருத்தனும் வரமாட்டான்.”

“அப்ப?”

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பேரை அழித்தார். பூஜ்யம் போய் ஒன்று வந்தது. கடைசிப் பாத்தியை அழித்தார். ஒன்று ஏழானது. ‘ஏன்’, ‘மாறுகிறது’ எல்லாவற்றையும் அழித்து, உப்பு, தண்ணீர், சிவப்பு என்று மூன்று சொல்லை மட்டும் விட்டார்.

“யம்மா! எடுக்க எடுக்கக் கூடுதே!”

டெல்பின் தன் மேசையில் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்ட ஆரம்பித்திருந்தாள்.

“குருவே, இங்க ஒரு ஏரிப் படம் போட்டிருக்கு. இரத்தம் மாதிரி செவந்து கிடக்கு. இது எந்த ஊரு?”

“படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பாருங்க.”

“ஆப்பிரிக்கா! அங்கேயும் பழுக்குதா?” கொஞ்ச நேரம் கழித்து, “ஸ்பெயின்லயும் பழுக்குது!” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, உப்புக்குள்ளேயே உயிர் இருக்காம். கண்ணுக்குத் தெரியாததாம். மத்தது எல்லாம் செத்துப்போற உப்புல அதுகதான் குடியிருக்காம். அதுக நிறம்தானாம் அது. நானும் இந்த ஊர்க்காரன்தானே? உப்பளத்து வழியா எத்தனை வருஷம் சைக்கிள்ல போயிருக்கேன்?”

பாதி இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டது தெரியவில்லை. காப்பி வந்து ஆறியது. கடைசியில் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“அந்தப் பிள்ள வீட்டுக்கு. பதிலைக் கையில குடுத்துட்டு வந்திருதேன். நாளைக்குக் கடைசி நாளுல்லா?”

டெல்பின் ஒட்டிக்கொண்டிருந்த நம்பரை அழுத்தித் தேய்த்தாள்.

“மாஸ்டர், ஓட்டப் பந்தயத்துல ஒரு பிள்ளை தப்பா ‘அவுட்’ ஆயிருச்சுன்னா, அதுக்குப் பதிலா நீங்க ஓடி மெடல் வாங்கிக் குடுப்பீங்களா?”

“இந்த முட்டியை வச்சுக்கிட்டா?”

“முட்டி நல்லா இருந்தா?”

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டார். திரையில் இருந்ததையெல்லாம் மூடினார். நீளக் கட்டம் காலையில் இருந்தது போல வெறுமையாக ஆனது.

மறுநாள் காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மாஸ்டர் வடிவுக்காகக் காத்து நின்றார். அப்போது என் மகளும் அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“ஏ வடிவு. மத்தியானம் நூலகத்துக்கு வா. உன் கேள்வியைத் தேடுவோம்.”

“வேண்டாம், மாஸ்டர். நான் பிளாஸ்டிக் எடுத்துக்கிடுதேன்.”

“உனக்கு அதுதான் வேணுமா?”

அவள் சைக்கிளைப் பூட்டக் குனிந்தாள்.

“பின்னே?”

“நீங்கதான் இல்லைன்னு சொன்னீங்கள்ல, மாஸ்டர்.”

“நான் சொன்னா நம்பிருவியாட்டி?”

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க மாஸ்டர்லா,” என்றாள்.

பிலோமி சொன்னாள், அத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படி வாடியதைத் தான் பார்த்ததில்லை என்று. சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். மாஸ்டருடைய கை விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் இறங்கியது.

“நேத்து நான் சரியாத் தேடலை பிள்ள. எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும். இல்லைன்னு சொல்லிட்டேன். நீ வந்து தேடு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். தொட மாட்டேன்.”

மத்தியானம் அவள் வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வந்தாள்.

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டிவிடுவோமோ என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வடிவு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். பூஜ்யம் வந்தது. பயந்து திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தையை எடுத்துப் பாரு,” என்றார் மாஸ்டர்.

“எந்த வார்த்தையை?”

மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “நீயே பாரு.”

அவள் எடுத்தாள். சேர்த்தாள். மறுபடி எடுத்தாள். அப்புறம் அந்த ஏரி வந்தது, சிவந்து. வடிவு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“மாஸ்டர்! இங்க பாருங்க, இங்க பாருங்க!”

“எங்க?” என்று அப்போதுதான் முதலில் பார்ப்பது போல மாஸ்டர் குனிந்தார். மேசையில் டெல்பின் தலையைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பு வந்ததால்.

வடிவு எழுத்துக் கூட்டிப் படித்தாள். உப்பில் வாழும் உயிர்களைக் கண்டுபிடித்தாள். அதோடு நிற்கவில்லை. அந்தச் சிவப்பு வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்று ஒரு கட்டுரையில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். மாஸ்டர் முந்தின நாள் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை.

“அதான் செவந்தா அப்பா சந்தோஷப்படுதாவ! உப்பு சீக்கிரம் இறங்கும்னு அவியளுக்குத் தெரியும், மாஸ்டர். ஏன்னுதான் தெரியாது.”

“நீ போய்ச் சொல்லு.”

“சொல்லுவேன்.” அவள் யோசித்தாள். பிறகு, “மாஸ்டர், எங்க அளத்துல தெக்கு ஓரத்துப் பாத்தி மட்டும் மத்ததுக்கு முந்தியே பழுக்கும். வருஷா வருஷம். எல்லாத்துக்கும் ஒரே தண்ணிதான், ஒரே வெயில்தான். அது ஏன்?”

“தேடு,” என்றார் மாஸ்டர்.

தேடினாள். பூஜ்யம். வார்த்தையை எடுத்தாள். வந்ததெல்லாம் வேறு எதையோ பேசியது. வார்த்தையை மாற்றினாள். பழைய கட்டுரைகளில் தேடினாள். மாஸ்டர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவரும் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தேடினார். ஆப்பிரிக்காவும் ஸ்பெயினும் வந்தன, ஏரிகளும் அளங்களும் வந்தன. எங்கோ ஓர் அளத்தில் ஒரு பாத்தி மட்டும் ஏன் முந்திக்கொள்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

வடிவு கையை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள். காலையில் ‘நீங்க மாஸ்டர்லா’ என்று பார்த்த அதே பார்வை.

மாஸ்டர் எழுந்து டெல்பினுடைய மேசைக்கு வந்தார்.

“குருவே.” இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

“சொல்லுங்க, மாஸ்டர்.”

“ஒரு டிக்கும் இல்லை. ஊர்ப் பேரும் இல்லை. எல்லா விதமாவும் கேட்டாச்சு. இது பந்து இருக்கிற ரூம் இல்லைம்மா. உள்ள போய் முழுசாப் பாத்துட்டு வந்துதான் சொல்லுதேன். நிஜமாவே இல்லை.”

டெல்பின் தலையை ஆட்டினாள்.

“மணி அடிக்கப்போகுது. கெமிஸ்ட்ரி டீச்சர் தலைப்பு கேட்டு வந்திருவாங்க. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கேள்விதான் வேணும், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நேத்து தெரியாம இல்லைன்னு சொன்னேன், பாட்டிலைக் கொட்டிட்டாளாம், பிலோமி டீச்சர் சொன்னாங்க. இன்னைக்குத் தெரிஞ்சே இல்லைன்னு சொன்னா அவ கேள்வியையே கொட்டிருவா. நான் போய் அவகிட்ட என்ன சொல்ல?”

டெல்பின் வடிவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை காலி திரைக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் யாரும் எழுதலைன்னு சொல்லுங்க,” என்றாள்.

மாஸ்டர் திரும்பி, முட்டி வலியை மறந்து, அந்தப் பிள்ளையிடம் நடந்து போனார்.

பிலோமி இதோடு நிறுத்திவிட்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வடிவுக்கு வருகிற மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. இன்றைக்கு ராத்திரி நீங்கள் ஜெபம் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் பேரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள்.